ஆள்வினை: ஒரு மலையின் உழைப்புச் சொற்கள்

(உதகையின் ஃபெர்ன்ஹில்லில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த ஃபெர்ன்ஹில்லின் பெயரே ஆங்கிலம். ஃபெர்ன் என்றால் பெரணிச் செடி. ஓடை ஓரத்திலும் சோலை நிழலிலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. அதை வைத்து ஒரு வெள்ளைக்காரர் தம் வீட்டுக்குப் பெயர் வைத்தார். பிறகு அந்த வீடு மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனை ஆயிற்று, ரயில் நிற்கும் இடத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. நடராஜ குருவின் குருகுலம் இருப்பதும் இங்கேதான். மலையாளம், ஆங்கிலம், கன்னடம், தமிழ், படுகு, அத்தனை மொழியும் ஒரே கடை வாசலில் காதில் விழும் ஊர் இது. இங்கே நின்று சொற்களைப் பற்றிப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவள் நான். கொழுந்து பறித்த ஒரு அம்மாவின் மகள். இந்த இரண்டும் சேர்ந்து எனக்குள் ஒரு கேள்வியை வைத்தன. பாடுபட்டு, கண்ணும் கருத்துமாக ஒருவர் ஒரு வேலையைச் செய்கிறார். அதற்கு ஒரு மொழி என்ன பெயர் கொடுக்கிறது? அந்தப் பெயரைக் கொடுப்பது யார்?

இந்தக் கேள்வி எனக்கு முன்பே, நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகிறது, இதே உதகையில் வாழ்ந்த ஒருவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஜி.யு. போப். நம்மவர்கள் போப்பையர் என்பார்கள். 1820-இல் இன்றைய கனடாவில் பிறந்து, 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரம், தஞ்சாவூர் என்று இருந்துவிட்டு, இந்த மலைக்கு ஏறி வந்தார். இங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். தோடர் மொழிக்கு ஒரு சிறிய இலக்கணம் எழுதினார். அது 1873-இல் அச்சாயிற்று. பிறகு இங்கிலாந்து போய், 1886-இல் திருக்குறளை முழுவதுமாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

திருக்குறளில் அறுபதாவது, அறுபத்தொன்றாவது, அறுபத்திரண்டாவது அதிகாரங்கள் வரிசையாக உழைப்பைப் பற்றியவை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை. போப் இந்த மூன்று தலைப்புகளுக்கும் ஆங்கிலம் தேட வேண்டியிருந்தது. ஊக்கத்துக்கு ‘எனர்ஜி’ என்றார். அது எளிது. மடியின்மைக்கு அவர் போட்ட சொல்லைப் பாருங்கள்: ‘அன்ஸ்லக்கிஷ்னஸ்’. இன்றைய ஆங்கிலத்தில் யாரும் பேச்சில் எடுக்காத சொல். ஆனால் எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்! மடி என்றால் சோம்பல், இன்மை என்றால் இல்லாதிருப்பது. வள்ளுவர் சொல்லை எப்படி இரண்டு துண்டாகக் கோத்தாரோ அப்படியே இவரும் கோத்துவிட்டார். ‘ஸ்லக்’ என்றால் இன்றைக்கு, மழைக்காலத்தில் நம் முட்டைக்கோஸ் தோட்டங்களில் ஊருமே, அந்த ஓடில்லாத நத்தை. ஆனால் அந்தப் பெயர் முதலில் சோம்பேறி மனிதனுக்கு இருந்தது. நத்தைக்குப் பல தலைமுறை கழித்துத்தான் போயிற்று. ஆக, மனிதனைப் பார்த்து நத்தைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. ஆள்வினையுடைமை. போப் அதற்கு வைத்த தலைப்பு ‘மேன்லி எஃபர்ட்’. ஆண்மைக்குரிய முயற்சி என்று பொருள். கல்லூரியில் அதைப் படித்த அன்றைக்கு எனக்கு என் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் ஆங்கிலத்தின் பழைய உழைப்புச் சொற்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். போப் எந்தப் பெட்டியிலிருந்து சொல் எடுத்தார் என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ட்ரேயோகன்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. செய்வது என்றும் பொருள், துன்பத்தைத் தாங்குவது என்றும் பொருள். உழைப்பும் வருத்தமும் அந்தக் குடியானவர்களுக்கு ஒரே சொல்லில் இருந்தன. ‘ஸ்விங்க்’ என்று இன்னொரு சொல். பாடுபடுவது என்று அர்த்தம். கவிஞர் சாசர் எழுதிய காலத்தில் அது எல்லார் வாயிலும் இருந்தது. இன்று அகராதியில் மட்டும் இருக்கிறது. பிறகு பிரெஞ்சு பேசும் நார்மன்கள் வந்து ஆண்டார்கள். அவர்கள் வழியாக ‘டாயில்’ வந்தது. அதன் வேரைத் தோண்டினால் லத்தீனில் ஒலிவக் காயை நசுக்கும் ஒரு பொறி கிடைக்கிறது. ‘ட்ரவெயில்’ வந்தது. அதன் வேரில் இருப்பது மூன்று கழிகளை நட்டு மனிதனைக் கட்டி வதைக்கும் கருவி. பயணத்தைக் குறிக்கும் ‘ட்ராவல்’ கூட அதே வேரில் பிறந்ததுதான். அந்தக் காலத்துப் பயணம் அப்படிப்பட்ட வதை.

இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், படித்தவர்கள் லத்தீனிலிருந்து நேரே எடுத்த சொற்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் எழுதுகிறோமே, ‘டிலிஜென்ட்’ என்று, அதன் வேர்ச்சொல்லுக்கு விரும்பித் தேர்ந்தெடுத்தல், நேசித்தல் என்று பொருள். ‘அசிடுவஸ்’ என்ற சொல்லுக்குள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் இருக்கிறார். ‘செடுலஸ்’ என்பதற்கு, வஞ்சகம் இல்லாமல் என்பதிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். 

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். வயலில் குனிந்தவனின் வேலைக்கு வலியிலிருந்து பெயர். மேஜை முன் உட்கார்ந்தவனின் வேலைக்கு அன்பிலிருந்து பெயர். இரண்டு பேரும் விடியலில் எழுந்தவர்கள்தாம், இரண்டு பேரும் களைத்தவர்கள்தாம். பெயர் வைத்தவர்கள் எங்கே உட்கார்ந்து வைத்தார்கள் என்பதை அந்தச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. ‘இண்டஸ்ட்ரி’ என்ற சொல்லின் கதையும் இதேதான். முதலில் அது ஒரு மனிதரின் குணம், அவருடைய சுறுசுறுப்பு. ஆலைகள் பெருகப் பெருக அது கட்டடத்துக்கும் முதலாளிக்கும் போய்விட்டது. குணத்துக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்றார்.

சரி, நம் மொழி என்ன செய்தது?

வலி நம்மிடமும் உண்டு. உழத்தல் என்றால் பழந்தமிழில் வருந்துதல். உழத்தல் என்றால் முயலுதலும்தான். இங்கிலாந்துக் குடியானவனின் ‘ட்ரேயோகன்’ போலவே. உழைப்பும் உழவும் அந்தச் சொல்லுக்குச் சொந்தம்போல் பக்கத்தில் நிற்கின்றன. பாடு என்றால் துன்பம், பாடுபட்டவர் பாட்டாளி. இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் வியப்பாக இருக்கும். ‘ரொம்ப மெனக்கெட்டுச் செஞ்சேன்’ என்கிறோமே, அந்த மெனக்கெடுதல் வினைகெடுதலின் திரிபு. கையில் இருந்த வேலை கெட, அதாவது அன்றைய பிழைப்பைவிட்டு, இன்னொருவருக்காக நேரம் கொடுப்பது. கூலிக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். ஒரு நாள் மெனக்கெட்டால் ஒரு நாள் அடுப்பு எரியாது.

ஆனால் தமிழில் வலிக்கு மேலே இன்னொன்று இருக்கிறது. உழைப்பாளி, பாட்டாளி, தொழிலாளி. மூன்றுக்கும் பின்னால் நிற்கும் ‘ஆளி’யைக் கவனியுங்கள். ஆள்வது என்ற வினையிலிருந்து வந்தது அது. தொழிலை ஆள்பவர் தொழிலாளி. உழைப்பை ஆள்பவர் உழைப்பாளி. பாட்டை, துன்பத்தை, ஆள்பவர் பாட்டாளி. பள்ளிக்கூடங்களின் பலகையில் தாளாளர் என்று எழுதியிருக்கும். தாள் என்றால் கால், முயற்சி என்றும் பொருள். தாளாண்மை என்ற சொல் ஆள்வினையுடைமை அதிகாரத்திலேயே வருகிறது. முயற்சியை ஆள்பவர் தாளாளர். அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறோம். தொழிலாளி என்ற சொல்லையும் அதே தச்சன் அதே மரத்தில்தான் செதுக்கியிருக்கிறான். அவருக்கு எழுந்து நிற்கிறோமா?

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆள்வினைக்கு வாருங்கள். வினையை ஆளுவது, வினையைத் தன் கைக்குள் கொண்டுவருவது. அந்த அதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்ற பகுதிக்குள் இருக்கிறது, ஆளுகிறவருக்கு வேண்டிய குணங்களின் நடுவே. போப் ‘மேன்லி’ என்றதற்கு அவர் காலத்து ஆங்கிலமும் ஒரு காரணம். அன்று உறுதி, நேர்மை, துணிவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் எடுப்பார்கள். ஆள் என்ற ஒலி ஆண் என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் தமிழுக்குக் கொடுத்த அந்தப் பெரியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர் நடந்த இதே மலையில் நின்று ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: என் கண்ணில் பட்டவரை, இந்த மலையின் ஆள்வினையைச் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள்.

என் அம்மா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் மாநில அரசு இந்த மலையில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா இரண்டு டிரங்குப் பெட்டியும், யாரும் எழுதிவைக்காத ஒரு பெரிய அகராதியும் கொண்டு வந்தார்.

அந்த அகராதியில் ஒரு சொல் ‘பேர்’. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். இங்கே நாம் மஸ்டர் என்கிறோம். அங்கே செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் விழும். மாதம் இத்தனை பேர் என்று கணக்கு. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். ஒரு மழை நாளில் நிரை, அதாவது தன் செடிவரிசை, முழுக்கப் பறித்தும், கூடையில் இரண்டு ராத்தல் குறைந்து, அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார்கள். அறுபது வயதில் அதைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கிவிடும். ‘அன்னைக்கு நான் பாதி ஆளு புள்ள’ என்பார்.

ஒரு மனுஷியின் பெயர் ஒரு நாள் கூலிக்கு அளவாகிவிட்டது. கூலி குறைந்தால் பெயர் பாதி. இதைவிடக் கொடுமையான சொல்லாக்கத்தை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை.

அம்மா கொழுந்து பறிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மட்டக்கம்பைச் செடிமேல் குறுக்கே வைப்பார். அதற்கு மேலே எழுந்த தளிர் மட்டும்தான் அன்றைக்கு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த நுனியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒடிப்பார்; கிள்ளினால் நகம் பட்டுக் காம்பு கறுக்கும் என்பார். இரண்டு கையும் தனித்தனியாக ஓடும். கை நிறைந்ததும் தோளுக்குமேலே பின்னால் கூடையில் விழும், திரும்பிப் பார்க்கமாட்டார். கொழுந்தைக் கைக்குள் இறுக்கக் கூடாது, இறுக்கினால் சூடேறிச் சிவந்துவிடும். வளைந்த சரிவில், இடுப்பில் படங்கு கட்டி, அட்டை ஏறும் காலோடு, இத்தனையும். ‘கை தன்னால போகும். கண்ணு ஒரு செடி முன்னாடி இருக்கணும்’ என்று எனக்குச் சொன்னார். கண் பார்த்து முடித்த தளிரைக் கை பறிக்கும்போது, கண் அடுத்த தளிரில் இருக்கும். நாற்பது வருஷத் தேர்ச்சி அது. இதற்கு அரசாங்கப் பதிவேட்டில் பயிற்சி தேவையில்லாத வேலை என்று பெயர்.

இனி கூலி என்ற சொல். அது தமிழிலிருந்து உலகமெங்கும் போன சொல் என்பார்கள். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. 1886-இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இரண்டையும் பேசுகிறது. போப்பின் குறள் வந்த அதே ஆண்டு! எங்கே பிறந்திருந்தாலும், அந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் கவலை. தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் பணம். ஆங்கிலத்தில் அது வேலை செய்த மனிதர் ஆகிவிட்டது. 1834-இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிக் கப்பல்கள் இந்தியாவுக்கு வந்தன. மொரீஷியஸ், கயானா, நெட்டால், ஃபிஜி. போனவர்கள் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியையே கூலி பாரிஸ்டர் என்று அழைத்தார்கள். அங்கே இன்றைக்கும் அது வசைச்சொல்.

இப்போது திரும்பவும் ஆள்வினையுடைமை அதிகாரத்துக்குப் போங்கள். அந்த அதிகாரத்தில் வள்ளுவரும் கூலி என்ற சொல்லை எடுத்தாள்கிறார். தெய்வம் கைவிட்ட இடத்திலும் உடம்பு வருந்திய முயற்சி தன் பலனைத் தந்தே தீரும் என்று சொல்லும் இடத்தில் அந்தச் சொல் வருகிறது. உழைப்பு கொடுக்கும், உழைத்தவர் வாங்கிக்கொள்வார். நடுவே துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. அவ்வளவு நிமிர்ந்து நின்ற சொல் அது. அதைக் கப்பலில் ஏற்றி, கூனவைத்து, மனிதர் தலையில் கட்டிவிட்டார்கள்.

கங்காணியையும் சொல்லாமல் விடக் கூடாது. கண்காணி என்பது சோழர் கல்வெட்டுகளிலேயே வரும் சொல். கோயில் காரியம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் காப்பவர். தோட்டத்துக்கு வந்ததும் அவர் ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, அந்தக் கடனிலேயே ஆளைக் கட்டிவைப்பவர் ஆனார். அதே கல்வெட்டுகளில் வெட்டி என்றொரு சொல் திரும்பத் திரும்ப வரும். கூலி கொடுக்காமல் ஊர்மக்களிடம் வாங்கும் கட்டாய வேலை அது. இன்று வெட்டி என்றால் என்ன? வேலை இல்லாமல் சுற்றுபவன். கூலியின்றி முதுகொடிந்தவனின் வேலை, உபயோகமில்லாத வேலை என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்திலும் ‘வில்லன்’ என்றால் முதலில் பண்ணையில் வேலை செய்த கிராமத்தான், பிறகுதான் கெட்டவன். உழைத்தவரின் பெயரை வசையாக்குவதில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

சொல் கீழே இறங்கினால் மனிதரும் இறங்குகிறார். அதனால்தான் இதை மொழி விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அவங்க வெறும் கூலிக்காரங்க’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த ‘வெறும்’ என்ற சொல்லில் ஒரு குழந்தை பள்ளிக்கூட வாசலில் தலை குனிகிறது. அந்தக் குழந்தையாக நான் இருந்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எமனோ என்ற மொழியறிஞர் 1935 முதல் மூன்று வருஷம் இந்தியாவில் இருந்தபோது இந்த மலையில் தங்கி, தோடர்களிடமும் கோத்தர்களிடமும் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் பேச்சையும் பாட்டையும் எழுதிக்கொண்டார். அந்த உழைப்பும் சேர்ந்துதான் பர்ரோ என்ற இன்னொரு அறிஞரோடு அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961-இல் வந்தது. நம் வீட்டுச் சொற்களை எழுத வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை. மாணவர்களே, உங்கள் பாட்டியிடம் உட்காருங்கள். நிரை, பேர், கைக்காசு, மட்டக்கம்பு, படங்கு, பெரட்டு. கவாத்து என்றால் சிப்பாய்க்கு அணிவகுப்பு, தேயிலைச் செடிக்கு வெட்டு. ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள். இப்போது பல தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கை நின்றதும் கையோடு இருந்த சொல்லும் நின்றுவிடும். படுகர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், கோத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே வேண்டுகோள். இரும்படித்தவர், பானை வனைந்தவர், ராகி விதைத்தவர், எருமை கறந்தவர், ஒவ்வொருவரிடமும் ஒரு சொற்பெட்டி இருக்கிறது.

முடிப்பதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை வருகிறேன். நான் கல்லூரியில் படித்த காலம். போப்பின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரலெல்லாம் தேயிலைக் கறை, எந்த சோப்புக்கும் போகாத கறுப்பு. ‘அம்மா, ஆள்வினைன்னா என்ன?’ என்று கேட்டேன்.

அவர் விறகைத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். ‘வினைன்னா வேலை. ஆளு செய்ற வேலை’ என்றார். பிறகு, ‘ஆளுன்னா ஆம்பளையாம்மா?’ என்று நான் கேட்டதற்கு, வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தார். ‘மலையில இத்தனை வருஷமா எத்தனை ஆளு, எத்தனை ஆளுன்னு எங்களத்தானடி எண்ணிக்கிட்டு இருந்தாங்க?’

போப்பையர் இந்த ஊரில் இருந்தபோது இப்படி ஒரு அடுப்படியில் அவரை உட்காரவைத்திருந்தால், அந்தத் தலைப்பை வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். என் வரையில் ஆள்வினையுடைமை என்ற தலைப்பைத் திறக்கும்போதெல்லாம், அன்றைக்குச் செக்ரோலில் பாதியாக விழுந்த என் அம்மாவின் பேரை அங்கே முழுதாகப் படித்துக்கொள்கிறேன்.